செருப்புக்கு ஒரு ஆள்

பெயரில் கடற்கரை உண்டு. போய் இறங்கினால் ஒரு பிடி மணல் இருக்காது, அலை இருக்காது, காலை நனைக்க ஒரு கை உப்புத் தண்ணீர் இருக்காது. அது எது? வேளச்சேரி ரயில் நிலையத்தின் நடைமேடையில் உட்கார்ந்துகொண்டு மிதுனாவிடம் இதைக் கேட்டேன். மிதுனா என் மகள். ஒன்பது வயது. உதட்டைக் குவித்து யோசித்துவிட்டு, "பீச் சுண்டல்," என்றாள். "சுண்டல்ல மணல் இருக்காதா?" "நல்ல சுண்டல்னா இருக்காது." தப்பு என்றேன். "இன்னும் ரெண்டு சான்ஸ் இருக்குல்ல?" இருக்கிறது என்றேன். ஒரு விடுகதைக்கு மூன்று பதில், அது எங்களுக்குள் இருக்கும் விதி. ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்திராணி அண்ணி வீட்டுக் கூடத்தில், சோபாவின் அந்த முனையில் அவளும் இந்த முனையில் நானும், நடுவில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டு அண்ணியும் உட்கார்ந்திருக்கும்போது, நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் விடுகதைகள்தான். விடுகதையை யார் காதில் விழுந்தாலும் சொல்லலாம். அதில் போன வருஷம் கிடையாது, அடுத்த வருஷம் கிடையாது. யாரும் யாரையும் எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டியதில்லை. இதுவரை ஐம்பத்து மூன்று ஆகியிருக்கிறது. இது ஐம்பத்து நான்காவது. அண்ணி நடுவில் இல்லாமல் நான் சொன்ன முதல் விடுகதை.

இன்று எங்கள் இருவரையும் தனியாக அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆன பிறகு. அண்ணி என் கணவரின் அக்கா. அவர் மஸ்கட்டில் குளிர்சாதன மெக்கானிக். அங்கிருந்து தொலைபேசியில் அக்காவிடம் பேசி, அக்கா என் டாக்டரிடம் பேசி, டாக்டர் என்னிடம் பேசி, மூன்று வாரம் கழித்து இந்த மாலை வந்திருக்கிறது. மூன்றரை மணியிலிருந்து ஆறரை மணி வரை. "எங்க போறீங்க?" என்று வாசலில் கேட்டார் அண்ணி. பார்க், கோயில் என்று நான் இரண்டு இடம் யோசித்து வைத்திருந்தேன். மிதுனா செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே, "பீச்," என்றாள். அண்ணி கையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். "எந்த பீச்?" "பார்க்கலாம் அண்ணி," என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. பாட்டிலையும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும் என் பையில் வைத்துவிட்டு, "போன்ல லொகேஷன் ஆன் பண்ணி வை தமயந்தி. அணைச்சிடாதே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் மிதுனாவுக்குக் கேட்கும்படியே, "இன்னிக்கு எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு ஜூன்ல ஸ்கூல் மாத்தறதப் பத்திப் பேசுவோம். அவளையே கேப்போம். அவ உன் வீட்டுக்கு வரேன்னா வரட்டும்," என்றார். அண்ணியிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு வருஷமாகக் குழந்தைக்குத் தலை வாரி, டிபன் கட்டி, காய்ச்சல் பார்த்தவர். என்னைப் பார்க்கும்போது மட்டும், பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர் மாதிரி நிற்பார்.

ரயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெட்டியில் பாதி இருக்கை காலி. மிதுனா ஜன்னல் பக்கம், நான் பக்கத்தில். கடைசி நிலையம் வரைக்கும் டிக்கெட் வாங்கியிருக்கிறேன். அப்படி வாங்கினால் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம், இப்போதே முடிவு செய்ய வேண்டாம். இந்த ரயில் கடலுக்குப் பக்கவாட்டிலேயே ஓடுகிறது. ஒரு மைல், இரண்டு மைல் தள்ளி, கடலைத் தொடாமல், பாலத்தின் மேல். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில் ஒரு கடற்கரை. திருவான்மியூரில் இறங்கினால் ஒன்று. கஸ்தூர்பா நகரில் இறங்கிப் போனால் பெசன்ட் நகர். மந்தைவெளியில் இறங்கினால் பட்டினப்பாக்கம். கலங்கரை விளக்கத்தில் இறங்கினால் மெரினாவின் தெற்கு முனை. திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் என்றால் மெரினாவின் நடுவும் வடக்கும். அவள் பீச் என்றுதான் கேட்பாள் என்று தோன்றி, நேற்று இரவே ஒரு பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இவற்றை வரிசையாக எழுதினேன். நான் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். எதையும் வரிசையாக அடுக்கினால்தான் எனக்குக் கை ஓடும். எழுதிவிட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே நல்லது, கெட்டது என்று குறிக்கப் பார்த்தேன். திருவான்மியூர் அமைதியான இடம், கூட்டம் இருக்காது என்று எழுதினேன். எழுதிவிட்டு அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் இல்லை என்றால் இழுத்துவர ஆள் இல்லை. அப்போதுதான் புரிந்தது. நான் கடற்கரைகளை எண்ணவில்லை. என்னை இழுத்துவரக் கூடியவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

புரிந்ததும் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாத்திரை அப்படி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, வெள்ளை, நடுவில் கோடு போட்டது. இதே மாத்திரையை நான் எத்தனையோ பேருக்குக் கத்தரியால் அட்டையை வெட்டிக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாங்குபவர்களின் முகத்தைப் பார்க்காமல் கொடுக்க வேண்டும் என்பது கடையில் எழுதாத பழக்கம். இப்போது என் அட்டையை முதலாளி வெட்டித் தருகிறார். அவரும் முகத்தைப் பார்ப்பதில்லை. மாத்திரைக்கு அப்புறம் எல்லாம் ஒரு துணிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சூடு தெரிகிறது, சுடுவதில்லை. மிதுனாவின் தோள் என் கையில் படுகிறது, தோள் என்று தெரிகிறது, எலும்பு தெரிகிறது, போன வருஷத்தைவிட உயரம் என்று கணக்குத் தெரிகிறது. அதற்கு மேல் ஒன்று வர வேண்டும். அது வரும் வழியில் எங்கோ நின்றுவிட்டது. டாக்டர், வரும், அவசரப்படாதீர்கள் என்கிறார். பெருங்குடி போய்விட்டது. சதுப்பு நிலத்தில் வெள்ளையாக ஏதோ பறவைகள். "ம்மா, அது கொக்கா?" "நாரையா இருக்கும்." "ரெண்டும் ஒண்ணுதானா?" "இல்ல." "என்ன வித்தியாசம்?" எனக்குத் தெரிந்திருந்தது, ஒரு காலத்தில். கழுத்தா, அலகா. தெரியவில்லை என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். தெரியவில்லை என்று சொல்லும் அம்மாவை அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருக்கிறாள் போல. தரமணி. தரமணியில் யாரும் ஏறவில்லை.

திருவான்மியூரில் ரயில் நின்றபோது மிதுனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதுவா?" "இங்க வேணாம்." "ஏன்?" "இங்க ஒண்ணும் இருக்காது." அவள் சரி என்றாள். ஒரு கடற்கரை போயிற்று. அந்த நேரத்தில் ஒரு குடும்பம் தடதடவென்று ஏறி எங்களுக்கு எதிரே உட்கார்ந்தது. கட்டம் போட்ட சட்டையில் ஒரு மனிதர், ஐம்பது வயது இருக்கும், அவர் மனைவி, கல்லூரி வயதில் இரண்டு பெண்கள். ஒருத்தி அவரை மாமா என்றாள், இன்னொருத்தி அப்பா என்றாள். "இங்கயே ஒரு பீச்சு இருக்கு. நடந்தா இருபது நிமிஷம். இதுக்கு ரயில் ஏறி மெரினாவுக்குப் போறாங்களாம்," என்றார் அவர், பொதுவாக, பெட்டியைப் பார்த்து. "அது பீச்சா மாமா? குதிரை இருக்கா, பலூன் சுடறது இருக்கா?" "கடல் இருக்குல்ல?" "கடல் எங்க வேணா இருக்கும்." அவர் மனைவி பையிலிருந்து முறுக்கு எடுத்து எல்லாருக்கும் கொடுத்தாள். மிதுனாவுக்கும் ஒன்று நீட்டினாள். மிதுனா என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். நான் நன்றாக இருக்கிறேன், என் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்கிறாள் என்று அண்ணியிடம் போய்ச் சொல்லலாம். சொல்ல முடியாது. சொன்னால் நான் கவனித்துக்கொண்டே இருந்தது தெரியும். "சரி, செருப்புக்கு யாரு?" என்று கேட்டாள் ஒருத்தி. எல்லாரும் அந்த மனிதரைப் பார்த்தார்கள். "ஏன், என்னைப் பார்த்தா செருப்புக்குன்னு பொறந்தவன் மாதிரி இருக்கா?" என்றார் அவர். "கல்யாணம் ஆகி இருபத்து மூணு வருஷம். இந்த ஊர்க் கடல்ல நான் காலை நனைச்சதே இல்லம்மா," என்று என்னிடம் சொன்னார். "வந்தவுடனே செருப்பெல்லாம் கழட்டி எம்முன்னால குமிச்சிடுவாங்க. பை, போன், வாட்ச், எல்லாம் எம்மடியில." மனைவி, "உங்களுக்கு ஜலதோஷம் புடிக்கும்," என்றாள். "ஜலதோஷம் இருபத்து மூணு வருஷமாவா?" பெண்கள் சிரித்தார்கள். "செருப்புக்கு உக்கார்றவனுக்கு இன்னொரு வேலையும் இருக்கு, தெரியுமா உங்களுக்கு?" என்றார் அவர். "கடலைப் பாக்கவே மாட்டான். தண்ணியில எத்தினி தலை இருக்குன்னு எண்ணிக்கிட்டே இருப்பான். மூணு தலை. ஒண்ணு முங்கினா ரெண்டு. மறுபடி மூணு. இதுதான் என் பீச்சு." மிதுனா முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தாள். பிறகு குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். பிறகு என் செருப்பைப் பார்த்தாள். மொத்தம் நான்கு.

அன்றும் நான்குதான். ஒரு வருஷமும் இரண்டு மாதமும் முன்னால், ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாள் விட்டிருந்தார்கள். ஏன் கடற்கரைக்குப் போனோம் என்று பிறகு பலர் கேட்டார்கள். மிதுனா கேட்டாள், போனோம். கலங்கரை விளக்கத்துக்கு எதிரே மணலில் இறங்கினோம். மணல் இன்னும் சூடாக இருந்தது. படகுகள் பக்கத்தில் இரண்டு பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். மணி ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம். இது நினைவில் இருக்கிறது, ஏனென்றால் ஐந்து மணிக்குக் கடைக்குப் போன் செய்து காலாவதி ஆகும் மருந்துகளின் பட்டியலைச் சொல்ல வேண்டியிருந்தது. செருப்புகளைக் கழற்றினேன். என்னுடையது இரண்டு, அவளுடையது இரண்டு. "நான் போய் ஆழமா இருக்கான்னு பாத்துட்டு வரேன். அஞ்சு நிமிஷம். நீ இங்கயே உக்காரு. செருப்ப விட்டு நகரக் கூடாது," என்றேன். கடற்கரைக்குப் போகும் எல்லாரும் சொல்லும் வாக்கியம். எதிரே இருக்கும் அந்த மனிதரிடமும் இருபத்து மூன்று வருஷமாக யாரோ சொல்லியிருப்பார்கள். சொல்லும்போது எனக்கு வேறு எண்ணம் இருந்ததா? டாக்டர் இதைத்தான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வார்த்தையில் கேட்கிறார். இல்லை என்று நினைக்கிறேன். சோகமாக இல்லை. யாரும் அடிக்கவில்லை, யாரும் வாட்டவில்லை. கணவர் மஸ்கட்டிலிருந்து வாரம் இரண்டு முறை பேசுவார், நான் நன்றாக இருக்கிறேன் என்பேன். பல மாதமாகச் சாப்பாட்டில் உப்பு தெரியவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது. மனதுக்குள் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது, எந்தச் சிரப் எந்த மாதம் முடிகிறது என்று. இடுப்பு. கால் நடந்தது. நான் நடக்கவில்லை, கால் நடந்தது. நில் என்று சொல்ல வேண்டியவள் பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு அலை வந்து பட்டியலும் போயிற்று.

வலை பிரித்துக்கொண்டிருந்த இருவர்தான் இழுத்துப் போட்டார்கள். கூட்டம் கூடியது. "கூட யாரும்மா? கூட யாரு வந்தது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். என் வாயிலிருந்து தண்ணீர்தான் வந்ததாம். அந்தக் கூட்டத்திலிருந்து முப்பது நாற்பது அடி தூரத்தில் மிதுனா உட்கார்ந்திருந்தாள். ஓடி வரவில்லை. கத்தவில்லை. செருப்பை விட்டு நகரக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். என்னை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவள் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைந்தது. விளக்குகள் போட்டார்கள். ஒரு பெண் போலீஸ் வந்து, "பாப்பா, யாரோட வந்தே?" என்று கேட்டபோது, நான்கு செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு, "எங்க அம்மா தலை தெரிஞ்சுக்கிட்டே இருந்தது. அப்புறம் தெரியல," என்று சொன்னாளாம். இதை எனக்கு அந்தப் பெண் போலீசே மறுநாள் ஆஸ்பத்திரியில் வந்து சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாயங்காலம் அண்ணி குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். மிதுனா கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்று சொன்ன முதல் வார்த்தை, "செருப்பு பத்திரமா இருக்கு." அவளுக்கு அப்போது ஏழு வயது பத்து மாதம். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சரி என்று சொல்லியிருப்பேன். கெட்டிக்காரி என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அதை நினைக்கும்போது மட்டும் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எதுவோ இந்தப் பக்கம் வரப் பார்க்கிறது. வரட்டும் என்று காத்திருப்பேன். வராது.

இந்திரா நகர் எப்போது போனது என்று தெரியவில்லை. கஸ்தூர்பா நகரில் நிறையப் பேர் இறங்கினார்கள். "பெசன்ட் நகர் இங்கதானே ம்மா? அத்தை ஒரு தடவை கூட்டிட்டு வந்தாங்க. மணல்லயே உக்காந்துட்டு வந்துட்டோம்." இங்கே இறங்கலாம். கூட்டம் இருக்கும். சோளம் சுடுவார்கள். மணலிலேயே உட்காரலாம், அண்ணி உட்கார்ந்த மாதிரி. ஆனால் அண்ணி உட்கார்ந்தால் அது ஒரு அத்தை உட்கார்ந்திருப்பது. நான் உட்கார்ந்தால், அம்மா ஏன் தண்ணீர் பக்கம் வரவில்லை என்பது நடுவில் உட்கார்ந்திருக்கும். நான் எழுந்து தண்ணீர் பக்கம் போனால் அது இன்னொன்று. கால் மறுபடி நடக்குமா? எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, அவர் தெரிந்த மாதிரி பேசுவார். இறங்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. "போச்சு," என்றாள் மிதுனா. கோபமாகச் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டு வருகிறாள் என்று மட்டும் தெரிந்தது. பிறகு திடீரென்று, "பீச் ரோடு!" என்றாள். "பேர்ல பீச் இருக்கு. ரோடுதானே, மணல் இருக்காது." யோசித்தேன். நியாயமான பதில்தான். "பீச் ரோட்ல காத்தடிச்சு மணல் வந்து கெடக்குமே." "ஆமால்ல." முறுக்கை ஒரு கடி கடித்தாள். "லாஸ்ட் சான்ஸ். க்ளூ சொல்லு." "நீ இப்ப அதை நோக்கித்தான் போய்ட்டிருக்கே." சொல்லியிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

கோட்டூர்புரம் தாண்டி ஆறு வந்தது, பாலத்தின் சத்தம் மாறியது. கைப்பையைத் திறந்து அந்தக் கவர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஒரு ஜவுளிக்கடைக் கவர், கெட்டியான பிளாஸ்டிக், கையில் மாட்டிக்கொள்ளக் கயிறு வைத்தது. போன தீபாவளிக்கு யாரோ ஒரு வாடிக்கையாளர் கடையில் விட்டுப்போனது. அதைப் பார்த்ததும் எடுத்து வைத்தேன். அன்று முதல் அது என் கைப்பையில் நான்காக மடித்துக் கிடக்கிறது. நான்கு செருப்பையும் அதில் போட்டுக் கையில் மாட்டிக்கொண்டால் யாரும் மணலில் உட்கார வேண்டாம். யாரும் யாருடைய தலையையும் எண்ண வேண்டாம். இவ்வளவு சின்ன விஷயம். அன்று ஒரு கவர் இருந்திருந்தால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்திருப்பாள். வந்திருந்தால். இந்த இடத்தில் யோசனை எப்போதும் நிற்கும். வந்திருந்தால், இடுப்பு ஆழம் எனக்கு என்றால் அவளுக்குக் கழுத்து. அப்படியானால் செருப்புதான் அவளைக் காப்பாற்றியதா? ஆமாம். இல்லை. கவரை மூடி வைப்பேன். மறுநாள் மறுபடி திறந்து பார்ப்பேன். கிரீன்வேஸ் சாலை. போன் அடித்தது. "எங்க இருக்கீங்க?" "ரயில்லதான் அண்ணி." "தெரியுது, புள்ளி நகருது. பாத்துட்டுதான் இருக்கேன். அவ என்ன பண்றா?" "முறுக்கு சாப்பிடறா." "யார் குடுத்த முறுக்கு?" "எதிர்ல ஒருத்தங்க." அண்ணி மூச்சு விடும் சத்தம் கேட்டது. "சரி. எங்க எறங்கறீங்கன்னு முடிவு பண்ணியாச்சா?" "இன்னும் இல்ல." "ஒண்ணு முடிவு பண்ணு தமயந்தி. குழந்தையை அலைய விடாதே." போனை வைத்த பிறகு அந்தப் புள்ளியை நினைத்துக்கொண்டேன். வேளச்சேரியில் ஒரு சோபாவில் உட்கார்ந்து, மடிக்க வேண்டிய துணியை மடிக்காமல், நீலப் புள்ளி ஒன்று ஊரின் ஓரமாக வடக்கே நகர்வதை அண்ணி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரும் செருப்புக்கு உட்கார்ந்த ஆள்தான். போனின் வரைபடத்தில் நிலம் சாம்பலாக இருக்கும், கடல் நீலமாக இருக்கும். புள்ளி நீலத்துக்குள் போனால் தெரியாமல் போய்விடுமோ, அல்லது அங்கேயும் தெரியுமோ. இதை நான் சாதாரணமாகத்தான் யோசித்தேன், குழாயை மூடினோமா என்று யோசிப்பது மாதிரி. மந்தைவெளி. மிதுனா என்னைப் பார்த்தாள். பட்டினப்பாக்கத்தில் கரை சரிவாக இருக்கும் என்று யாரோ சொன்னது நினைவில் இருந்தது, யார் என்று இல்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கதவோரத்தில் நின்றிருந்த ஒருவர் மட்டும் இறங்கினார்.

நான் போட்டிருந்த திட்டம் இதுதான். எல்லா நிலையத்தையும் இப்படியே போக விடுவது. கலங்கரை விளக்கம் வரும்போது விடுகதையைப் பற்றி ஏதாவது பேசுவது, ஜன்னல் பக்கம் அவள் பார்க்காமல் இருக்கும்படி. திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் போய்விடும். பிறகு கடைசி நிலையம். பெயர்ப் பலகையில் பெரிய எழுத்தில் கடற்கரை என்று இருக்கும். இறங்கியதும், பார்த்தாயா, இதுதான் விடை என்று சொல்லிச் சிரிக்கலாம். டீயும் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு, அதே ரயிலில் திரும்பி ஏறி, ஆறரைக்குள் வேளச்சேரி. பீச்சுக்குக் கூட்டிப் போனேன் என்றும் சொல்லலாம், பொய் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத கடற்கரை. ஊரைச் சுற்றி இருக்கும் எல்லாக் கடற்கரைகளிலும் நான் தேர்ந்தெடுத்தது அதைத்தான். வேளச்சேரியில் டிக்கெட் எடுத்தபோதே தேர்ந்தெடுத்துவிட்டேன். மருந்துச் சீட்டில் மட்டும் அதை எழுதவில்லை. திருமயிலையில் ரயில் நின்றது. எதிரே அந்தப் பெண்கள் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள், காற்றுக்கு. "தெரிஞ்சிடுச்சு," என்றாள் மிதுனா. சத்தமாகச் சொல்லவில்லை. "இந்த ரயில் கடைசியா நிக்கற ஸ்டேஷன். பேரு கடற்கரை. ஸ்கூல்ல கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனப்ப அங்கதான் எறங்கினோம். ரோடுதான் இருந்துச்சு. எதிர்ல பெரிய செவுரு." சரியான விடை என்றேன். விடை சரி என்றால் நான் இரண்டு முறை கைதட்டுவது வழக்கம். கை எழவில்லை. அவள் என் விரலிடுக்கிலிருந்து டிக்கெட்டை உருவி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "நம்ம டிக்கெட்டும் அதுக்குத்தான்." "ஆமா." "அங்க போய் என்ன பண்ணப் போறோம்?" "பஜ்ஜி சாப்பிட்டுத் திரும்பிடலாம்னு." அவள் டிக்கெட்டைத் திருப்பி என் கையில் வைத்தாள். "பயமா இருக்கா ம்மா?" தெரியல என்றேன். அது உண்மை. "எனக்குக் கொஞ்சமா இருக்கு," என்றாள், கொக்கைப் பற்றிக் கேட்ட அதே குரலில்.

கைப்பையிலிருந்து கவரை எடுத்தேன். "இதுல போட்டுக்கலாம் செருப்ப. கையில மாட்டிக்கலாம். யாரும் உக்கார வேணாம். நாம ரெண்டு பேரும்." கவரை அவள் பக்கம் நீட்டினேன். மிதுனா கவரை வாங்கி விரித்துப் பார்த்தாள். கயிற்றை இழுத்துப் பார்த்தாள். உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். அண்ணி துணி மடிக்கும் விதத்தில், மூலைக்கு மூலை சேர்த்து, மறுபடி நான்காக மடித்தாள். "வேணாம்," என்று என்னிடம் கொடுத்தாள். முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையம் வந்தது, போனது. எதிரே இருந்தவர்கள் எழுந்து கதவுப் பக்கம் போனார்கள். "மூணு தலை, ஞாபகம் வெச்சுக்கோங்க," என்று அந்த மனைவி சொன்னாள். "எண்ணி அனுப்பறேன், எண்ணி வாங்கிக்கறேன்," என்றார் அவர். கட்டடங்களுக்கு மேல் சிவப்பும் வெள்ளையுமாகக் கலங்கரை விளக்கம் தெரிந்தது. என் கைப்பைக்குள் போன் இருந்தது, அதில் புள்ளி இருந்தது. மிதுனா மீதி முறுக்கை வாயில் போட்டுக்கொண்டு, கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு எழுந்தாள்.

இங்கே இறங்கலாம் என்றாள். போன தடவை உட்கார்ந்த அதே இடம் என்றாள். தான் கணுக்கால் வரைக்கும் மட்டும் போவதாகவும், ஒவ்வொரு அலைக்கும் திரும்பிப் பார்ப்பதாகவும் சொன்னாள். செருப்புக்கு நான் உட்கார வேண்டும், செருப்பை விட்டு நகரக் கூடாது என்றாள்.